ஏழு ராத்தல் மூடி

நானுஓயாவிலிருந்து மேலே ஏறும் பாதையில் லொறி ஓட்டியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் மூடுபனி இறங்கி முன்சக்கரம்கூடத் தெரியாத நேரத்தில், இன்ஜின் முனகுவதை வைத்தே "இது பாலத்தடி, இது கோப்பிக்காட்டு வளைவு" என்று சொல்லக்கூடியவர் கருங்காட்டுத் தோட்டத்து அலோசியஸ் ஒருவர்தான். இதை அவரே சொல்வார். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதி போதும். ஒரு மனிதன் தலைநிமிர்ந்து நடக்க அது தாராளம்.

பள்ளிக்கூடத்தை அவர் விட்டாரா, பள்ளிக்கூடம் அவரை விட்டதா என்பது தீராத வழக்கு. வாய்ப்பாடு பாதியில் நின்றது. மறுவருஷம் அவர் கொழுந்து லொறியில் கிளீனர். கிளீனர் டிரைவரானார். டிரைவர் சொந்த லொறிக்காரரானார். யார் கையையும் பிடிக்கவில்லை, எந்தத் துரையின் பங்களா வாசலிலும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கவில்லை. தேயிலை ஸ்டோருக்குப் பின்னால், தரைப்பலகை வழியே புல் முளைத்து, ஸ்டியரிங்கில் குருவி கூடு கட்டிக் கிடந்தது ஒரு பழைய பெட்போர்ட் லொறி. தோட்டம் அதைக் கழித்துவிட்டபோது, பழைய இரும்புக்குக்கூட ஆகாது என்று எல்லாரும் சிரித்தார்கள். அலோசியஸ் மட்டும் கிட்டப் போய் அதன் மூக்கில் கைவைத்துப் பார்த்தார்.

"உசுரு இருக்கு" என்றார்.

அடுத்த மழைக்காலத்துக்குள் அந்த லொறி கோவா, கிழங்கு என்று காய்கறி ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போய்வந்தது. சிவப்புப் பூச்சு அடித்ததால் அதற்குச் சிவப்பி என்று பேர். நெற்றியில் "அந்தோனியார் துணை". மலையைப் பார்த்தால் பெருமூச்சு விடும், ஆனால் ஏறிவிடும்.

இவ்வளவும் பெருமைதான். ஆனால் இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று இருந்தது. சித்திரைத் திருவிழாவில் கருங்காட்டு மாரியம்மன் ஊர்வலம் வருவது சிவப்பியின் முதுகில்தான்.

வேதக்காரன் லொறியில் மாரியம்மனா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். தோட்டத்தில் யாரும் கேட்பதில்லை. வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் சிலுவை, அந்தப் பக்கம் சூலம். இங்கே ஆணி அடித்தால் அங்கே படம் ஆடும். திருவிழாக் கிழமையில் அலோசியஸும் மீன் தொடமாட்டார். லொறிக்குப் பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, வேப்பிலைத் தோரணம் சுற்றி, அம்மனை ஏற்றி உட்காரவைத்ததும் அவர் கால்கழுவி ஏறுவார். அன்றைக்கு அவர் லொறி ஓட்டுவது கிடையாது, மிதப்பது. தப்புக்காரர்கள் முன்னால் அடித்துக்கொண்டு போக, அந்த அடிக்கு முதல் கியரில் சிவப்பி நடக்கும். ஒவ்வொரு லயத்து வாசலிலும் நிற்கும். பெண்கள் மஞ்சள் தண்ணீர் கரைத்துக் குடத்தோடு வந்து சக்கரத்தில் ஊற்றுவார்கள். தேயிலை மலை ஒருபக்கம், பள்ளம் ஒருபக்கம், நடுவில் பனி. அதற்குள் அவர் கண்கள் பாதி மூடியிருக்கும். சிறுவயதில் கொழுந்து மூட்டைக்கு மேலே படுத்துக்கொண்டு போனபோது வானம் எப்படி நகர்ந்ததோ, அப்படியே எல்லாம் நகரும்.

போன வருஷம் அந்தக் கனவில் மண் விழுந்தது.

கோப்பிக்காட்டு வளைவில், ஏற்றம் பாதி ஏறும்போதே, சிவப்பியின் மூக்கிலிருந்து ஆவி பீறிக்கொண்டு வந்தது. பொங்கிய தண்ணீர் சீறித் தெறித்து, முன்னால் கட்டியிருந்த புதுத் தகரப் பலகையின் வழியே ஒழுகியது. அந்தப் பலகையை அலோசியஸ் அந்த வருஷம்தான் ஹட்டனில் சொல்லிச் செய்வித்திருந்தார். லொறியின் முகம் முழுக்க மறைக்கிற அகலம். மஞ்சள் தகரத்தில் சிவப்பு எழுத்து: "அம்மன் வாகன உபயம் – லொறி உரிமையாளர் அ. அலோசியஸ்." அந்த எழுத்தெல்லாம் கண்ணீர் விடுவதுபோல நனைந்து நிற்க, இன்ஜின் அணைந்தது. மறுபடி பிடிக்கவில்லை. கடைசியில் உரமூட்டை இழுக்கிற டிராக்டரைக் கழுவி, அதில் அம்மனை மாற்றிக் கொண்டுபோனார்கள்.

"வேறென்ன, அம்மன் கோவிச்சுக்கிட்டா" என்று மேல் டிவிசன் மீனம்மா சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் மீனம்மாவின் மெதுவு, காலையில் ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டுக்களம் வரைக்கும் கேட்கும்.

இந்த வருஷம் காப்புக் கட்டுவதற்கு முந்தி, கோயில் தலைவர் முத்துலிங்கம் வீடு தேடி வந்தார். தேத்தண்ணியைக் குடித்து முடிக்கிறவரை நாட்டுநடப்பு பேசினார். அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"அண்ணே, கோவிச்சுக்கக் கூடாது. இந்த வருஷம் டவுன்ல நம்ம சுமனோட புது லொறிய கேட்டிருக்கோம்."

"சுமனோட லொறியா? அது பாட்டுப் பாடும், லைட் அடிக்கும். மலை ஏறுமா?"

"தம்புள்ளைக்குப் போயிட்டு வருதுண்ணே."

"தம்புள்ளைக்கு ரோட்டு இருக்கு. கோப்பிக்காட்டுக்கு ரோட்டா இருக்கு? கல்லுல்ல இருக்கு!"

"அந்தக் கல்லுலதானேண்ணே போன வருஷம் நின்னீங்க."

அலோசியஸின் தலை குனிந்தது. அடுப்படியில் அவர் மனைவி இராசம்மா அகப்பையை நிறுத்திவிட்டாள். அவர் தலை குனிவது அந்த வீட்டில் அபூர்வம். முத்துலிங்கத்துக்கே மனம் தாங்கவில்லை.

"சரிண்ணே. ஒரு வழி சொல்றேன். இந்த வருஷமும் சிவப்பியிலேயே ஏத்துவோம். ஆனா சுமனோட லொறி பின்னாடி காலியா வரும். வழியில நின்னுச்சுன்னா அங்கேயே மாத்திடுவோம். மாத்திட்டா மாத்துனதுதான். பொறகு அடுத்த வருஷம், அதுக்கடுத்த வருஷம்னு என்கிட்ட வரக்கூடாது."

"நிக்காது" என்றார் அலோசியஸ். "எழுதி வச்சுக்க."

சொல்லிவிட்டார். இனி நிற்கக்கூடாது. அன்றைக்கே சிவப்பியின் மூக்கைத் திறந்து பார்த்தார். ரேடியேட்டரின் மூடி அந்தக் காலத்துப் பித்தளை மூடி. அதன் முகத்தில் ஒரு எண் குத்தியிருந்திருக்கும். எத்தனை ராத்தல் அழுத்தம் வரைக்கும் ஆவியை உள்ளே பிடித்து வைக்கும், அதற்கு மேல் போனால் எப்போது திறந்துவிடும் என்கிற கணக்கு. துணிபிடித்துத் திருகித் திருகி அந்த எண் தேய்ந்துபோயிருந்தது. உள்ளே ஸ்பிரிங் செத்த எலிவால் மாதிரி தொங்கியது.

"அட, இதுதான் கள்ளன்!" என்று தொடையில் தட்டினார். மூடி பிடிக்கவில்லை, தண்ணீர் பொங்கிப் போய்விட்டது. புது மூடி போட்டால் முடிந்தது காரியம். எத்தனை ராத்தல்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது. பலசாலியை வேலைக்கு வைக்கும்போது கொஞ்சம் பலசாலியா நிறையப் பலசாலியா என்றா கேட்பார்கள்? கடையில் இருந்ததிலேயே பெரிய எண் பதின்மூன்று. புதுக்காலத்து வேனுக்குப் போடுகிற மூடி. பளபளவென்று இருந்தது. வாங்கிக்கொண்டு வந்தார்.

மூடி சிவப்பியின் கழுத்தில் சரியாக உட்காரவில்லை. கழுத்து ஆழம், மூடி குட்டை. அதற்கெல்லாம் அசருகிறவரா அவர்? பழைய டியூப் ரப்பரை வட்டமாக வெட்டி, இரண்டு அடுக்காக உள்ளே வைத்துத் திருகினார். இறுகிக்கொண்டது. இப்போது அது பதின்மூன்று ராத்தலும் இல்லை, முப்பது ராத்தலும் இல்லை. திறக்கவே மனமில்லாத மூடி. அலோசியஸ் தன் கைவேலையைத் தள்ளிநின்று பார்த்து ரசித்தார்.

மறுநாள் விறகு ஏற்றிக்கொண்டு வெள்ளோட்டம். பாலத்தடி தாண்டியது. ஆவி இல்லை. வளைவுக்குக் கீழ்வரை வந்தது. ஆவி இல்லை. "பாத்தியாடி சிவப்பி" என்று அவர் வாய் திறந்ததும், உள்ளே பட்டென்று ஒரு சத்தம். பித்தளைத் தொட்டியின் மேல்விளிம்பு பிரிந்து, கண்ணாடி முழுக்க வெந்நீர். வைப்பர் போட்டுப் பார்த்தார், மழை என்று நினைத்து.

கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போன இடம் மெக்கானிக் குணதாச பாஸின் கராஜ். குணதாச அலோசியஸை அண்ணன் முறை வைத்து "ஐயே" என்றுதான் கூப்பிடுவார். பாதி சிங்களம், பாதி தமிழ், சிரிப்பு மட்டும் முழுசு. மூடிக்குள்ளே இருந்து டியூப் ரப்பரை ஒவ்வொன்றாக உருவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஐயே, இது என்ன, லொறிக்கு தாலியா?"

"இறுக்கமா இருக்கட்டும்னு வச்சேன்."

"இது பரண டாங்கி. பழசு. ஈயம் வச்சு ஒட்டினது. கிழவிக்கு குமரியோட சட்ட போட்டா தையல் பிரியும்தானே?" அவர் தொட்டியின் விளிம்பைத் தடவினார். "மூடி ஆவிய அடைக்கிறதுக்கு மட்டும் இல்ல ஐயே. வேண்டிய நேரம் திறக்கிறதுக்கும்தான். அது திறக்காட்டி டாங்கி திறக்கும்."

ஈயம் உருக்கி ஊற்றி விளிம்பை ஒட்டினார். பிறகு ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து பலகையில் கவிழ்த்தார். மூடிகள் உருண்டன. அதில் கழுத்து ஆழத்துக்குச் சரியாக உட்காருகிறவை என்று இரண்டைப் பொறுக்கி வைத்தார். ஒன்றில் நாலு. ஒன்றில் ஏழு.

"நாலு போட்டா டாங்கிக்கு பயமே இல்ல. ஏழும் தாங்கும். ஏழுக்கு மேல நான் பொறுப்பு இல்ல. எது வேணும்னு நாளைக்கு வந்து சொல்லுங்க. ஈயம் ஆறட்டும்."

நாலா, ஏழா? அலோசியஸுக்கு அன்று சாயந்தரம் முழுக்க அதே யோசனை. நாலு என்றால் பயந்தவன் போடுகிற மூடி மாதிரி இருந்தது. ஏழு என்றால் பதின்மூன்றின் தம்பி மாதிரி இருந்தது; ஒருதரம் சூடுகண்ட பூனைக்கு அதுவும் கிலிதான். அடுப்புக்கு முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்தார். வெளியே பனி லயத்துக் கூரைகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. அடுப்பில் பருப்புச் சட்டி தளபுளவென்று கொதித்தது. கொதிக்கிற சத்தம் கேட்டுக்கேட்டு அவருக்குக் கண் சொருகியது. அந்த அரைத்தூக்கத்தில் சட்டியும் சிவப்பியும் ஒன்றாகி, மூச்சு விட்டு மூச்சு விட்டு ஒரு மலை ஏறிக்கொண்டிருந்தன. மலை முடிகிற மாதிரி இல்லை.

"இன்னும் வேகலயா?" என்று கேட்டுக்கொண்டே விழித்தார்.

"எங்க வேகுது" என்றாள் இராசம்மா. "குக்கர் ரப்பர் போனதுல இருந்து இதே சீரழிவுதான். பொங்குறதுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல, பருப்பு மட்டும் கல்லு மாதிரி இருக்கு. நம்ம மக ஜொய்சி வீட்டுல பாத்தீங்கல்ல? வத்தளைக் கடலோரத்துல வெறும் சட்டியிலயே குழைஞ்சு போவுது. இங்க தண்ணிக்குப் பொறுமையே இல்ல. சூடேர்றதுக்கு முந்தி குதிக்க ஆரம்பிச்சிடுது."

அலோசியஸ் நிமிர்ந்தார்.

"என்ன சொன்ன?"

"தண்ணிக்குப் பொறுமை இல்லன்னேன். ஏன், உங்களச் சொன்னேன்னு நெனச்சீங்களா?"

அவர் எழுந்து சட்டிக்குள் எட்டிப்பார்த்தார். நுரை சுழன்று சுழன்று பொங்கியது. கீழே கடற்கரையில் இந்தச் சூடு வெறும் சூடு. இந்த உயரத்தில் இதுவே கொதி. அப்படியானால் சிவப்பிக்கு நோய் இல்லை! இந்தக் குளிர்காட்டில் அதன் வயிற்றுத் தண்ணீர் அவசரப்பட்டுப் பொங்குகிறது. கொஞ்சம் அழுத்திப் பிடித்து, "பொறு, பொறு" என்று சொல்ல ஆள் வேண்டும். நாலு ராத்தல், சமவெளிக்காரன் சொல்கிற பொறு. இந்த மலைக்குப் போதாது.

"அப்ப அழுத்தம் கூடத்தான் வேணும், இராசம்மா! அழுத்தம் கூடினாத்தான்..."

இராசம்மா அகப்பையால் கூரையைக் காட்டினாள். "மேல பாருங்க."

அலோசியஸ் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். கூரைத் தகரத்தில் மஞ்சளாக ஒரு பெரிய கறை, சூரியகாந்திப் பூ மாதிரி. குக்கர் வாங்கின புதிதில், சீக்கிரம் வேகட்டும் என்று விசிலின் தலையில் அவர் லொறி நட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்ட நாளின் ஞாபகம். அன்றைக்குப் பருப்பு குக்கரில் இல்லை, கூரையில் வெந்தது.

"அந்த விசிலுக்கு ஒரு கனம் இருக்கு" என்றாள் அவள். "செஞ்சவன் பாத்துத்தான் வச்சிருப்பான். கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

காலையில் பெரட்டுக்கு முந்தியே அலோசியஸ் கராஜ் வாசலில் நின்றார்.

"ஏழு" என்றார்.

குணதாச ஏழு ராத்தல் மூடியைக் கழுத்தில் வைத்து, விரலால் தடவி, ரப்பர் கீழ்விளிம்பில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, திருகினார். "ஹரி, சரி ஐயே. ஆனா ஒரு விசயம். முந்தி மாதிரி சூட்டோட திறந்து தண்ணி ஊத்த ஏலாது. திறந்தா முகம் வெந்து போகும். ஊர்வலம் முடியிற வரைக்கும் இது பூட்டின பூட்டு."

"ஊத்த வேண்டி வராது" என்றார் அலோசியஸ். சொல்லிவிட்டு, போகிற வழியில் பெயிண்ட் கடையில் இறங்கினார். போன வருஷத்துப் பலகையின் எழுத்து வெந்நீரில் மங்கியிருந்தது. வெற்றி வருகிற வருஷம். பேர் பளிச்சென்று இருக்கவேண்டாமா? இந்தத் தடவை எழுத்தைச் சுற்றிச் சரிகை மாதிரி ஒரு கரையும் போடச் சொன்னார். கரைக்கு இடம் வேண்டும் என்று பலகையும் ஒரு சாண் பெரிதானது.

திருவிழா அன்று மதியத்திலேயே பனி இறங்கிவிட்டது. கொழும்பில் வேலை பார்க்கிற தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்திருந்தார்கள். தேயிலைச் செடி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு போன் நீட்டிக்கொண்டிருந்தது. சிவப்பி வாழைமரமும் தோரணமுமாக, முகத்தில் மஞ்சள் பலகையோடு, கல்யாணப்பெண் போல நின்றது. பூசாரி கந்தப்பன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். அலோசியஸ் சிலுவை போட்டுக்கொண்டு ஏறினார். பழங்கள் நசுங்கின. தப்பு அதிர்ந்தது. பின்னால், பந்தலோ பூவோ இல்லாமல், சுமனின் புது லொறி சத்தமே போடாமல் உருண்டு வந்தது. அந்தச் சத்தமில்லாமைதான் அலோசியஸுக்குக் காதில் உறைத்தது.

கீழ் டிவிசன் லயங்கள் போயின. பாலத்தடி போனது. கோப்பிக்காட்டு வளைவு வந்தது. தப்பின் அடி மெதுவானது, கூட்டத்தின் பேச்சு அடங்கியது. எல்லாருக்கும் இடம் ஞாபகம் இருந்தது. இராசம்மா ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நடந்துவந்தாள், கையில் செபமாலை. சூடு காட்டும் முள் கொஞ்சம் மேலே போனது, நின்றது. தண்ணீர் உள்ளே பொறுமையாக இருந்தது. கல்லைக் கடித்துக்கொண்டு சிவப்பி ஒரு முழம், இன்னொரு முழம் என்று ஏறி, வளைவைத் தாண்டி நெற்றியை நேராக்கியது.

"அண்ணே, தாண்டிட்டீங்கண்ணே!" என்று முத்துலிங்கம் கத்தினார். குலவைச் சத்தம் மலையில் பட்டுத் திரும்பியது. அலோசியஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதெல்லாம் ஒரு விஷயமா என்பது மாதிரி ஒரு முகம் வைத்துக்கொண்டார். அவர் மிதக்கத் தொடங்கியிருந்தார்.

மேல் டிவிசன் லயம் நீளம். வாசலுக்கு வாசல் அர்ச்சனை, வாசலுக்கு வாசல் நிற்கவேண்டும். நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது வாசலோ நாலாவதோ, வெந்த ரப்பர் மணம் லேசாக வந்தது. அலோசியஸ் கீழே பார்த்தார். முள் மறுபடி நகர்ந்திருந்தது. அடுத்த வாசலில் இன்னும் கொஞ்சம். மூடியின் பக்கக் குழாயில் இஸ்ஸென்று மூச்சு கேட்டது. ஏழு ராத்தலும் நிறைந்துவிட்டது. மூடி தன் வேலையைச் செய்கிறது, திறக்கவேண்டிய நேரத்தில் திறக்கிறது. இப்படியே போனால் தண்ணீர் எல்லாம் ஆவியாகப் போய், மறுபடி அதே கதை. திறந்து ஊற்றவும் முடியாது.

"என்னங்க, மூச்சு சத்தம் கேக்குது" என்றாள் இராசம்மா ஜன்னலில்.

"ஒண்ணும் இல்ல."

பின்னால் சுமன் மரியாதையாக ஒரு ஹோர்ன் அடித்தான். பீப். அவ்வளவுதான். அந்த மரியாதை முதுகில் குத்தியது.

அலோசியஸ் முன்னால் பார்த்தார். பாதையில் பனி நடந்து வந்துகொண்டிருந்தது, ஆற்றுத் தண்ணீர் மாதிரி, தரையோடு தரையாக. தப்புக்காரர்களின் கால்களுக்கு நடுவே புகுந்து, மீனம்மா குடத்தோடு நின்ற இடத்தைச் சுற்றி, சிவப்பியை நோக்கி வந்தது. குளிர்ந்த காற்று, எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று வந்தது. சிவப்பியின் முகத்துக்கு வந்ததும், பாறையில் மோதின ஆறு போல இரண்டாகப் பிரிந்து, இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் பாதியாகப் போய்விட்டது. ஒரு பொட்டுக்கூட உள்ளே நுழையவில்லை. பானட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குத் தகரத்தின் முதுகு தெரிந்தது. எழுத்து இல்லாத, பூச்சு இல்லாத வெறும் முதுகு. அவர் பேருக்குப் பின்பக்கம் அதுதான்.

அதை அவர் கனவில் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தார். போன வருஷம் புதுப் பலகை. போன வருஷம் பொங்கியது. அதற்கு முந்தின வருஷங்களில் பலகையும் இல்லை, பொங்கவும் இல்லை.

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டபடியே இறங்கினார். "இராசம்மா, சக்கரத்துக்குக் கட்டை வை." அவள் வைத்தாள். அவர் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்துப் பலகையின் கயிற்றை அறுத்தார்.

முத்துலிங்கம் ஓடிவந்தார். "அண்ணே, என்ன செய்றீங்க? பெரட்டுக்களத்துல பலகையோட போட்டோ எடுக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அவளுக்கு மூச்சு முட்டுதுய்யா."

"யாருக்கு? அம்மனுக்கா?"

"சிவப்பிக்கு."

மறு கயிறும் அறுந்தது. பலகை கழன்று அவர் நெஞ்சில் சாய்ந்தது. சுடுசட்டி மாதிரி கொதித்தது. அதற்குப் பின்னால் சிவப்பியின் மூக்கு, கறுத்து, வரிவரியாக, வாயைத் திறந்துகொண்டு நின்றது. மீனம்மா குடத்தைச் சக்கரத்துக்குச் சரித்தாள்.

"தாயி, அங்க வேணாம். இங்க ஊத்து."

"மூஞ்சியிலயா? சக்கரத்துலதானே ஊத்தணும்?"

"வெயில்ல வந்தவளுக்கு மொத மூஞ்சிதானே கழுவுவோம்? ஊத்து!"

"வெயிலா, எங்க வெயிலு" என்று முணுமுணுத்துக்கொண்டே மீனம்மா ஊற்றினாள். அடுத்த வாசல்காரி ஊற்றினாள். அதற்கடுத்தவள் ஊற்றினாள். மஞ்சளும் வேப்பிலையும் கலந்த குளிர்ந்த தண்ணீர் அந்தச் சூட்டு வரிகளில் விழ, புஸ்ஸென்று ஆவி எழுந்தது. வெள்ளை ஆவியில்லை, மஞ்சள் ஆவி. அது பனியோடு கலந்து மேலே போய், பந்தலைச் சுற்றி, அம்மனின் முகத்தைத் தடவிக்கொண்டு நின்றது. மேல் டிவிசன் முழுக்க மஞ்சள் மணம். எங்கிருந்தோ ஒரு குரல் "அம்மா தாயே!" என்று எழுந்தது, பிறகு எல்லாக் குரலும். தப்புக்காரர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அடி தானாக வேகம் பிடித்தது. எத்தனையோ போன்கள் நீண்டு படம் பிடித்தன. ஒன்றிலும் அந்த மணம் விழுந்திருக்காது.

அலோசியஸ் ஏறி உட்கார்ந்தார். முள் இறங்கிக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல், படியிறங்குகிற பெரியமனுஷி மாதிரி. பக்கக் குழாயின் மூச்சு நின்றது. விசிறி திறந்த மூக்கு வழியாகப் பனியை உறிஞ்சுவது அவருக்குக் காதில் கேட்டது.

"இந்தாங்க" என்று ஜன்னலில் இராசம்மா. இரண்டு கையாலும் பலகையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். "இத என்ன செய்யிறது? வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூரையில அடிச்சிருவோமா? அந்தக் கறைக்கு மேல?"

அலோசியஸ் பேரைப் பார்த்தார். சரிகைக் கரை எல்லாம் போட்டு, அழகாகத்தான் இருந்தது. ஒரு கணம் யோசித்தார்.

"பின்னாடி கட்டு" என்றார். "முன்னாடி போறவன் எவன் திரும்பிப் பாக்கிறான்? ஊரே பின்னாடிதானே வருது."

இராசம்மா சிரித்துவிட்டாள். முத்துலிங்கமும் ஒரு கை பிடித்தார். இரண்டு பேருமாகப் பின்பலகையில் கட்டினார்கள். கட்டையை எடுத்தார்கள். சிவப்பி நகர்ந்தது.

பெரட்டுக்களத்துக்குப் போய்ச் சேரும்போது வெளிச்சம் மங்கி, பனி கெட்டியாகிவிட்டது. வழி தெரியவேண்டும் என்று சுமன் தன் புது லொறியின் பெரிய விளக்குகளைப் போட்டான். மலையில் வேறு எதுவும் தெரியவில்லை. தேயிலை தெரியவில்லை, லயம் தெரியவில்லை. பனிக்கு நடுவே மேலே அம்மனின் பந்தலும், கீழே மஞ்சள் தகரத்தில் சிவப்பு எழுத்தும் மட்டும் மிதந்து போயின. பின்னால் நடந்தவர்கள் எல்லாரும், வேறு பார்க்க எதுவும் இல்லாததால், அந்தப் பேரையே படித்துக்கொண்டு வந்தார்கள்.

அலோசியஸுக்கு அது தெரியாது. அவர் முன்னால் இருந்தார், கண்கள் பாதி மூடி, திறந்த மூக்கோடு மூச்சுவிடுகிற லொறியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு. இது ஸ்டோர் மூலை, இது பெரட்டுக்களத்துப் படி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒன்றுகூடத் தவறவில்லை.